பெருங்கற்களும் கடல்கொண்ட கண்டமும்

சரித்திரம் படிப்பிக்கும் நம் ஆசிரியர்களை மாணாக்கர் இக்காலத்து அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. "ஆதிகாலத்தில் நம்மினும் பேரறிவு படைத்த ஒரு சாதியார் பெருங்கற்களால் அரிய கட்டடங்களை எடுத்து, பின் கடலுள் மறைந்தனர் என்பது மெய்யோ? அவர் வாழ்ந்த நாடு நம் குமரிக்கண்டமோ?" என்பது அது. அக்கட்டடங்களுக்கு வானுலகிலிருந்து வந்தோர் காரணராவர் என எரிக் வொன் டானிக்கன் 1968 இல் நூல் எழுதினார். பனியூழியின் இறுதியில் அழிந்த ஒரு நாகரிக மக்களே பிறர்க்கு ஆசான்மாராயினர் என்னுங் கொள்கையை 1995 இல் கிரகாம் ஹான்கொக் பரப்பினார். இவை இப்பொழுது காணொளிகளாய்ப் பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் வந்து நிற்கின்றன. இவ்வினாவை நகைத்துத் தள்ளுதலும் ஆசிரியர்க்குத் தகாது. பெருமிதத்தால் ஆமென்று உடன்படுதலும் தகாது.

ஆராய்தற்குரிய கருவி நம்மிடத்திலேயே உண்டு. சிவஞான சித்தியார் அளவையிலக்கணத்தை முன்வைத்தே தொடங்குகின்றது. பிறர் கூறும் அளவைகள் பலவாயினும், அவை காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது சித்தாந்தத் துணிபு. கடவுளுண்மையை ஆராயுமிடத்தும் அளவை வேண்டிய நமக்கு, கல்லையும் கடலையும் ஆராயுமிடத்து அது வேண்டாமற் போகுமா?

முதலாவது காட்சியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்திலே சோல்ஸ்பரி வெளியில் ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் கல்வட்டம் நிற்கின்றது. அதன் பெருங்கற்கள் சராசரி 20 தொன்னுக்குக் குறையாத நிறையுடையன. மேர்லின் என்னும் மந்திரவாதி அவற்றைக் கொணர்ந்தான் என்றனர் இடைக்காலத்தார். உரோமர் எடுத்த கோயில் என்றார் பதினேழாம் நூற்றாண்டிலே இனிகோ ஜோன்ஸ். நிலத்தை அகழ்ந்தோர் கண்டதோ வேறு. பள்ளந்தோண்டிய மான்கொம்புகள் அப்பள்ளத்தினுள்ளேயே கிடந்தன. அவற்றின் கரியணுவை அளந்து, பள்ளம் கி. மு. 3000 அளவினது எனத் துணிந்தனர். பெருங்கற்கள் நிறுத்தப்பட்டது கி. மு. 2500 அளவில். மரத்தச்சர் செய்யுமாறு கல்லிலே முளையும் துளையும் செதுக்கி, மேற்கல்லைப் பொருத்தியிருக்கின்றனர். பெருங்கற்களிற் பெரும்பாலன ஏறத்தாழ 15 மைல் தூரத்து வெஸ்ட் வூட்ஸ் என்னுங் காட்டிலிருந்து வந்தன என்பது 2020 இல் வெளியாயிற்று. அண்மையிலுள்ள டறிங்டன் வோல்ஸ் என்னுமிடத்திலே, அக்காலத்து மக்கள் குடியிருந்த வீடுகளின் தளங்களும், அவர் உண்டெறிந்த பன்றியெலும்புகளும் அகப்பட்டன. கல்லை நிறுத்தினவர் பசித்து உண்டு உழைத்த மனிதரே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது கருதல், அஃதாவது அநுமானம். புகை கண்டு நெருப்பைத் துணிதற்கு, நெருப்பின்றிப் புகை இல்லை என்னும் நியமம் வேண்டும். அந்நியமம் இல்லாவிடத்து ஏது போலியாய்விடும். ஆபிரிக்காவிலே சிம்பாப்வே எனப்படும் பெருங்கல் மதில்களை 1871 இற் கண்ட கார்ல் மௌக் என்னும் ஜெர்மானியர், வாயிலிலிருந்த மரத்துண்டொன்றின் நிறமும் மணமும் தம் பென்சில் மரத்தை ஒத்தன எனக் கண்டு, அது லெபனோன் தேசத்துக் கேதாரு மரம் எனவும், ஆதலின் அக்கட்டடம் சேபா நாட்டு இராணியோடு இயைந்தது எனவும் துணிந்தார். ஆபிரிக்க மரம் எதற்கும் அம்மணம் இராது என்பதை அவர் நிறுவினாரல்லர். 1905 இல் ரண்டல் மக்கைவரும், 1929 இல் கேற்றன் தொம்சன் அம்மையாரும் முறைப்படி அகழ்ந்து, அது ஆபிரிக்க மக்களே எடுத்தது எனக் காட்டினர். அங்ஙனமாகவும், அந்நாட்டை ஆண்ட வெள்ளையர் அவ்வுண்மையைப் பல்லாண்டு விரும்பிற்றிலர். தாம் ஆளுஞ் சாதியாருடைய முன்னோர் பெருஞ்செயல் செய்தனர் என ஒப்புதல் அவர்க்கு இடர்ப்பாடாயிற்று. 1980 இல் விடுதலையடைந்த நாடு அம்மதில்களின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டது. மறைந்த பேரறிவாளர் கதையில் உள்ள தீங்கு இதனால் விளங்கும்: இல்லாத ஒருவனுக்குப் புகழ் கொடுத்தற்பொருட்டு, உழைத்தவன் கையிலிருந்து அவன் செயலைப் பறித்தல்.

மூன்றாவது உரை. உலகியற் பொருளில் உரையென்பது, அறிந்து மெய்சொல்வார் வாக்கு எனக் கொள்க. குமரிக்கண்டம் பற்றி நம்மிடையே வழங்குவனவற்றை இவ்வளவையால் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதெனச் சிலப்பதிகாரம் கூறும். இறையனார் களவியலுரை முச்சங்கங்களுக்கு 4440, 3700, 1850 என ஆண்டு வகுக்கும். அழிந்த நிலம் 49 நாடுகளும் 700 காவதமும் என்று அளவிட்டவர் பிற்காலத்து உரையாசிரியராகிய அடியார்க்குநல்லார். கந்தபுராணத்து அண்டகோசப் படலத்திலே குமரிகண்டம் என்பது பரதகண்டத்தின் ஒன்பது கூறுகளுள் ஒன்று, கடலுள் மூழ்கியதன்று.

இலெமூரியா என்னும் பெயரோ இவற்றுள் எதனினும் இல்லை. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினங்கள் காணப்படுதற்குக் காரணங் கூறப்புகுந்த பிலிப் ஸ்கிளேற்றர் என்னும் ஆங்கிலேயர் 1864 இற் கற்பித்த பெயர் அது. 1888 இல் பிளவற்ஸ்கி அம்மையார் தம் இரகசிய உபதேச நூலிலே அதனுள் மனிதரைக் குடியேற்றினார். பின்னரே அது நம் பழைய உரைகளோடு பிணைக்கப்பட்டது. கண்டங்கள் தாமே நகர்வன என்பதைப் புவியியலார் 1960 ஆம் ஆண்டுகளில் நிலைநாட்டியபோது, ஸ்கிளேற்றர் கருதிய தேவையே ஒழிந்தது. குமரிமுனைக்குத் தெற்கே ஆழ்கடலின் அடியிலுள்ளது கடற்றரைப் பாறையே. மூழ்கிய பெருங்கண்டம் அங்கில்லை.

ஆனால், கடல்கோள் முழுதும் பொய்யென்றல் பொருந்தாது. பனியூழியின் முடிவிலே பனி உருகிக் கடல்மட்டம் ஏறத்தாழ 400 அடி உயர்ந்தது. அதற்கு முன் இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. கரையோரங்களைக் கடல் கொண்டது மெய். கண்டமொன்றைக் கொண்டது மெய்யன்று. இவ்விரண்டையும் பிரித்துணர்த்துதலே ஆசிரியர் கடன்.

கண்டத்தை இழந்தால் நம் பழமைக்கு என் செய்வோம் எனச் சிலர் கவல்வர். அவர்க்கு நாம் கூறுவது, கடலை விட்டு நிலத்தை நோக்குக என்பதே. ஆதிச்சநல்லூரில் 1876 இல் யாகோர் என்பவரும், பின் அலெக்சாந்தர் றேயும் தாழிகளையும், இரும்புக் கருவிகளையும், பொற்பட்டங்களையும் எடுத்தனர். நம் ஈழத்தில் புத்தளத்தை அடுத்த பொம்பரிப்பிலும் தாழியடக்கங்கள் உள. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980 இல் நிகழ்ந்த அகழ்வில், பெருங்கற்காலத்து அடக்கமொன்றோடு பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையும் கிடைத்தது. கணவனை இழந்தாளொருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனைந்து தரும்படி குயவனை வேண்டுவதாகப் புறநானூற்றிலே ஒரு பாட்டு உண்டு. அங்கே உரை சொல்லுந் தாழி இங்கே கண்முன் நிற்கின்றது. உரையும் காட்சியும் இங்ஙனம் ஒன்றையொன்று தாங்குவதே சரித்திரம்.

ஆதலின், ஆசிரியர்கள் வகுப்பிலே செய்யத்தக்கன மூன்று. கூற்று ஒவ்வொன்றையும் கேட்டவுடன், அது காட்சியோ, கருதலோ, உரையோ என மாணாக்கரைக் கொண்டே பகுக்கச் செய்க. உரையாயின், சொன்னவர் யார், எக்காலத்தவர் எனக் கேட்பிக்க. பேரறிவுடைய நாகரிகம் இருந்ததென்பார்க்கு, அவர் உலையும், உடைந்த கலமும், குப்பைமேடும் எங்கே என வினாவப் பழக்குக. இருந்தாற் காணப்படவேண்டியது காணப்படாமையால் இன்மையைத் துணிதல் அநுபலத்தி என நம் நூல்களே கூறும்.

பொய்ச்சான்றைத் துணைக்கொண்ட மெய்யும், அச்சான்று வீழ்ந்த நாளிற் பிறர் நகைக்கு இலக்காகும். பள்ளிக்கூடத்திலே இலெமூரியாவையும் சைவத்தையும் ஒரே மூச்சிற் கற்ற பிள்ளை, பின் பல்கலைக்கழகத்திலே முன்னது பொய்யென அறியும்போது, பின்னதையும் ஐயுறும். இறைவன் அநாதி, அவன் பழமைக்கு ஒரு கண்டமும் சான்றாக வேண்டுவதில்லை. தமிழின் பெருமைக்கும் கற்பனை வேண்டுவதில்லை; தாழி வனைந்த குயவனுடைய கைவிரற்சுவடு போதும்.