ஸ்ரோபெரிக் கன்றுகளைப் பெருக்குதல்

நுவரெலியா போன்ற குளிர்ந்த மலைநாட்டுப் பகுதிகளில் ஸ்ரோபெரியை வீட்டுத் தோட்டத்திற் செய்கைபண்ணலாம். ஒரே செடியிலிருந்து பழத்தையும் கன்றையும் பெற முயன்றால் இரண்டும் நலிவடையும். ஆதலால், நோயற்ற சில செடிகளைத் தாய்ச்செடிகளாக ஒதுக்கி, அவற்றின் பூக்களைக் கிள்ளிவிடுதல் வேண்டும். பழத்துக்கென விடும் செடிகளில் ஓடிகளை அகற்றுதல் வேண்டும்.

ஓடியில் தாய்க்கு அண்மையில் தோன்றும் கன்றே வலிமையானது. அதனை எருக் கலந்த மண் நிரப்பிய சாடியிற் பதித்து, வளைத்த கம்பியால் அசையாது நிறுத்துக. 4 முதல் 6 வாரங்களில் வேரூன்றியதும் ஓடியை வெட்டி, உயர்த்திய பாத்தியில் 1 அடி இடைவெளியில் நடுக. குருத்து மண்ணுட் புதைந்தால் அழுகும். வேர் வெளித்தெரிந்தால் உலரும்.

உருளைக்கிழங்கு, தக்காளி பயிரிட்ட நிலத்தில் வாடல்நோய்க் கிருமி தங்கியிருக்கக்கூடும், அதனைத் தவிர்க்குக. இலை சுருங்கி மஞ்சளித்த செடியிலிருந்து கன்றெடுத்தல் ஆகாது. தாயைப் பற்றிய வைரசு நோய் கன்றையும் தொடரும்.