ஒரு தெருவின் வரலாறு

அரசர்களின் வரலாற்றை ஏடுகள் கூறும். அவர்கள் எடுப்பித்த கோயில்களின் வரலாற்றைக் கல்வெட்டுகள் கூறும். காய்கறி விற்றவர், மீன் வாங்கியவர், மாடியறை ஒன்றில் மக்கள் எழுவரை வளர்த்தவர் ஆகிய எளியோரின் வரலாற்றைக் கூறுவது யாது? அவர்கள் வாழ்ந்த தெருவே அதனைக் கூறும். படிக்க அறிந்தவர்க்குத் தெருவும் ஒரு நூலே. அத்தகைய நூல் ஒன்றை இப்பாடத்தில் படிப்போம். அது அயர்லாந்து நாட்டின் தலைநகராகிய டப்ளினில் உள்ளது. அதன் பெயர் மூர் தெரு.

டப்ளின் நகரை லிஃபி என்னும் ஆறு வடபால், தென்பால் என இரு கூறாகப் பகுக்கின்றது. வடகரையில் அகன்று நீண்டு கிடப்பது ஓகானல் பெருந்தெரு. அதற்கு மேற்கே, சில நிமிட நடைத் தொலைவில், ஏறத்தாழ அதற்கு இணையாகச் செல்லும் குறுகிய கடைத்தெருவே மூர் தெரு. பகலில் கூடும் கடைத்தெருவை நம் முன்னோர் நாளங்காடி என்றனர். அச்சொல் இத்தெருவுக்கு நன்கு பொருந்தும்.

இதன் பெயர்க்காரணம் சுவை மிக்கது. இப்பகுதி நிலம் ஒரு காலத்தில் திரோகெடாப் பிரபுவாகிய ஹென்றி மூர் என்பாரின் உடைமையாக இருந்தது. தம் நிலத்தில் அமைந்த தெருக்களுக்கெல்லாம் தம் பெயரையே பகுத்துச் சூட்டினார் அவர். ஒன்று ஹென்றி தெரு. ஒன்று மூர் தெரு. மற்றொன்று ‘பிரபு’ எனப் பொருள்படும் ஏர்ல் தெரு. பிறிதொன்று திரோகெடாத் தெரு. இவற்றோடும் அவர் உள்ளம் நிறைவு பெறவில்லை போலும்! ‘திரோகெடாவின் பிரபு’ என்னும் ஆங்கிலத் தொடரில் வேற்றுமை உருபு போல நிற்கும் ‘ஆஃப்’ என்னும் சிறு சொல்லும் ஒரு சந்தின் பெயராயிற்று. வேற்றுமை உருபுக்கும் ஒரு சந்து கிடைத்த ஊர் டப்ளின்!

காலம் சென்றது. திரோகெடாத் தெரு இன்றைய ஓகானல் தெருவினுள் மறைந்தது. ‘ஆஃப்’ சந்தும் பெயர் மாறி ஹென்றி சந்து ஆயிற்று. பிரபுவின் உடைமையும் ஒழிந்தது. உடைமையைக் காட்டி நின்ற சொல்லும் ஒழிந்தது. பின்னர் அத்தெரு யாருடையதாயிற்று? இவ்வினாவை நெஞ்சில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஒரு தெருவில் எவ்வாண்டில் எவ்வீட்டில் யார் இருந்தார் என்பதனை எவ்வாறு அறிவது? டப்ளின் மக்களுக்கு இதற்கு இரு கருவிகள் உள்ளன. அலெக்சாந்தர் தாம் என்னும் அச்சகத்தார் 1844ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் ஒரு விவரத் திரட்டை வெளியிட்டு வந்தார். தெருத் தெருவாக, கதவெண் வரிசையில், கடைக்காரர் பெயரும் தொழிலும் அதில் குறிக்கப்பட்டன. மற்றொரு கருவி மக்கள்தொகைக் கணக்கு. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட கணக்கேடுகளிற் பெரும்பகுதி, 1922ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் ஆவணக் காப்பகம் எரிந்தபோது சாம்பலாயிற்று. எனினும் 1901, 1911ஆம் ஆண்டுகளின் படிவங்கள் பிழைத்தன. ஒவ்வொரு குடும்பத்தாரின் பெயர், வயது, தொழில், எழுத்தறிவு ஆகியவற்றை அவற்றில் இன்றும் எவரும் காணலாம்.

அக்கணக்குகள் காட்டும் காட்சி உள்ளத்தை உருக்குவது. 1801ஆம் ஆண்டில் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டது. டப்ளினில் இயங்கிய நாடாளுமன்றம் மூடப்பட்டது. செல்வர் பலர் நகரை நீங்கினர். அவர்கள் வாழ்ந்த பெருமனைகள் காலப்போக்கில் அறை அறையாக ஏழைகளுக்கு வாடகைக்கு விடப்பட்டன. 1911ஆம் ஆண்டளவில் டப்ளின் நகரின் உட்பகுதியில் ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் இத்தகைய வீடுகளில் வாழ்ந்தன. அவற்றுள் ஏறத்தாழ 20,000 குடும்பங்களுக்கு ஒற்றை அறையே வீடாக இருந்தது. சமைப்பதும் உறங்குவதும் நோயுற்றுக் கிடப்பதும் அவ்வோர் அறையிலேதான். மூர் தெருவைச் சூழ்ந்த பகுதிகளும் இந்நிலைக்கு விலக்கல்ல. கீழே கடை, மேலே குடி. இதுவே அந்நாளைய கடைத்தெருவின் அமைப்பு.

கடைகளின் முன்னே, தெருவின் ஓரத்தில், பலகை பரப்பி விற்றவர் பெரும்பாலும் பெண்கள். ஆடவர்க்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை ஒருநாள் கிடைக்கும், மறுநாள் கிடைக்காது. ஆதலின் குடும்பத்தின் பசியைத் தீர்க்கும் பொறுப்பு மகளிர் தோளில் விழுந்தது. விடியுமுன் எழுந்து மொத்தச் சந்தைக்குச் சென்று பழமும் மீனும் பூவும் கொண்டு வந்தனர். வண்டி வாங்க வகையற்றவர் பழைய குழந்தைவண்டியையே சரக்கு வண்டியாக்கிக் கொண்டனர். நேற்று மகவு துயின்ற வண்டியில் இன்று முட்டைக்கோசு துயின்றது! பாட்டி விற்ற இடத்தில் தாயும், தாய் விற்ற இடத்தில் மகளும் நின்றனர். பத்திரம் இல்லை, பட்டயம் இல்லை. ஆயினும் அது வழிவழி வந்த உரிமையாக மதிக்கப்பட்டது.

இவ்வெளிய தெருவை நாட்டின் வரலாறு ஒருநாள் தேடி வந்தது. 1916ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் அயர்லாந்தின் விடுதலை வீரர் டப்ளினில் கிளர்ந்தெழுந்து, ஓகானல் தெருவிலுள்ள தலைமை அஞ்சலகத்தைத் தம் பாசறையாக்கினர். பிரிட்டிஷ் படையின் பீரங்கிக் குண்டுகளால் அக்கட்டடம் தீப்பற்றியது. 28ஆம் நாள் மாலை அவர்கள் அதனைவிட்டு வெளியேறினர். தலைவர் ஜேம்ஸ் கானலி காலில் குண்டு பட்டு நடக்க இயலாதவராய் இருந்தமையால், அவரைச் சுமந்து சென்றனர். அவர்கள் புகுந்த வழி ஹென்றி சந்து. அடைக்கலம் அடைந்த இடம் மூர் தெரு. தெருவில் இறங்கினால் துப்பாக்கிக் குண்டு பாயும். ஆதலின் இரவு முழுதும் வீட்டுக்கு வீடு இடைச்சுவரைத் துளைத்து, அத்துளைகளின் வழியே நகர்ந்தனர். மளிகையும் மீனும் கோழியும் விற்ற வீடுகள் ஓரிரவில் ஒரு படையின் சுரங்க வழியாயின.

மறுநாள் 29ஆம் நாள், 16ஆம் எண் வீட்டில் தலைவர்கள் கூடி ஆராய்ந்தனர். விடுதலை அறிக்கையில் கையெழுத்திட்ட எழுவருள் ஐவர் அங்கிருந்தனர். தெருவில் குடிமக்கள் குண்டு பட்டு வீழ்ந்து கிடந்தனர். இனியும் போரிட்டால் மடிவோர் தொகை மிகும் என்று உணர்ந்து, படைக்கலம் துறக்க முடிவு செய்தனர். வெள்ளைக்கொடி ஏந்திப் பகைவர்பால் செல்லத் துணிந்தவர் எலிசபெத் ஓஃபாரல் என்னும் செவிலி. குண்டுகள் பாய்ந்த தெருவில் அவர் தனியே நடந்தார். பின்னர்த் தலைவர் பாட்ரிக் பியர்ஸ் சரணடைந்தபோது அவர் அருகிலே நின்றார். அக்காட்சியைக் காட்டும் புகழ்பெற்ற ஒளிப்படத்தில், பியர்சின் உருவம் மறைத்தமையால், அப்பெண்மணியின் காலடியும் ஆடையின் ஓரமுமே தெரிந்தன. பின்னர் வெளிவந்த சில படிகளில் அவையும் நீக்கப்பட்டன. வரலாற்றில் எளியோர் எவ்வாறு மறைக்கப்படுகின்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அக்கிளர்ச்சியில் ஏறத்தாழ 485 பேர் இறந்தனர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் படைக்கலம் ஏந்தாத குடிமக்கள். எழுந்து போரிட்டவர்க்கு நினைவுத்தூண்கள் உண்டு. அத்தெருவில் ரொட்டி வாங்கப் போன வழியில் வீழ்ந்தவர்க்கு உள்ளவை யாவை? இவ்வினாவையும் மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விடுதலை வந்தது; தெரு மறுபடியும் காய்கறி விற்கத் தொடங்கியது. 1930ஆம் ஆண்டுகளில் நகராட்சியினர் குரம்லின், காப்ரா முதலிய புறநகர்களில் புதுவீடுகள் கட்டி, நெருக்கடி மிக்க வீடுகளில் வாழ்ந்தோரை அங்குக் குடியேற்றினர். காற்றும் ஒளியும் உள்ள வீடு கிடைத்தது நன்மையே. ஆயின், மாடியில் வாழ்ந்தவர் போனபின் தெருவின் இரவு வெறுமையாயிற்று. கடை வைத்த மகளிர் மட்டும் புறநகரிலிருந்து நாள்தோறும் வந்து தம் பழைய இடத்திலேயே நின்றனர். 1981ஆம் ஆண்டில் தெருவின் மேற்கே ஐலக் மையம் என்னும் பெரிய வணிக மாளிகை திறக்கப்பட்டது. அதற்கு இடங்கொடுத்துப் பழைய சந்துகளும் சிறு சந்தைகளும் மறைந்தன. உரிமச் சீட்டின்றித் தெருவில் விற்றோரைக் காவலர் தண்டித்தனர். அவர்களுக்காகப் போராடிய டோனி கிரகரி என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் 1986ஆம் ஆண்டில் சிறை சென்றார்.

இனி இத்தெருவின் புதிய இயலுக்கு வருவோம். அயர்லாந்து நெடுங்காலம் தன் மக்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிய நாடு. 1845ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் எழுந்த கொடும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் மடிந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். விடுதலைக்குப் பின்னும் வெளியேற்றம் ஓயவில்லை. 1961ஆம் ஆண்டில் அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகை ஏறத்தாழ 28 இலட்சமாகக் குறைந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தொழில்வளம் பெருகியது. ஆற்றின் போக்கு மாறியது போல மக்களின் போக்கும் மாறியது. 2004ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து நாடுகள் புதியனவாகச் சேர்ந்தபோது, அந்நாட்டினர் உடனே வந்து உழைப்பதற்கு அயர்லாந்து வாயில் திறந்தது. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி குடியரசின் மக்கள்தொகை ஏறத்தாழ 51 இலட்சம். ஐவரில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர்.

இம்மாற்றம் முதலில் கண்ணுக்குத் தெரிந்த இடங்களுள் ஒன்று மூர் தெரு. மூடிக் கிடந்த கடைகளின் வாடகை குறைவாக இருந்தது. அங்கே ஆப்பிரிக்கர் முடிதிருத்தும் கடை வைத்தனர். ஆசியர் மசாலைப் பொருள்களும் அரிசியும் விற்றனர். கிழக்கு ஐரோப்பியர் தம் நாட்டு உணவுப்பொருள்களை அடுக்கினர். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விற்ற தெருவில் வாழைக்காயும் மிளகாயும் வந்து அமர்ந்தன. ஊர்விட்டு ஊர் வந்தவர்க்குத் தாய்நாட்டின் மணம் கிடைக்கும் இடமாக அத்தெரு விளங்கியது. தெருவோரக் கடைகளோ வரவரக் குறைந்தன.

இந்நிலையில் எழுந்தது ஒரு பெருவழக்கு. பழைய வீடுகளை இடித்துப் புதுமாளிகை எழுப்பலாமா என்பதே அது. 2007ஆம் ஆண்டில் 14 முதல் 17 வரையுள்ள நான்கு வீடுகள் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. நான்கு வீடுகள் மட்டும் போதா. தெருவையும் சூழ்ந்த சந்துகளையும் காத்தல் வேண்டும் என்று பலர் முறையிட்டனர். 2016ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் அவர்களுக்கு இசைவாகத் தீர்ப்பளித்தது. 2018ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது.

சுவரைக் காத்தல் நன்றே. வீரர் துளைத்த செங்கல்லைப் பேணாத நாடு தன் நன்றியை மறந்த நாடாகும். ஆயினும் சுவர் மட்டும் தெரு ஆகாது. கூவி விற்கும் குரல் இல்லாத அங்காடி, உயிர் நீங்கிய உடம்பு. எனவே காக்கப்பட வேண்டியவை இரண்டு: தெருவின் கட்டடமும், தெருவால் வாழ்வோரின் பிழைப்பும். ஒன்றைக் காத்து மற்றொன்றைக் கைவிடுவோர் பாதி வேலையே செய்தவராவர்.

இனி நாம் நெஞ்சில் இருத்திய வினாவுக்கு விடை காண்போம். அத்தெரு யாருடையது? ஆறாம் வேற்றுமை உணர்த்தும் உடைமையை இலக்கண நூலார் தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படுத்துவர். சாத்தனது கை என்பது தற்கிழமை. அது அவனைவிட்டுப் பிரியாதது. சாத்தனது பசு என்பது பிறிதின்கிழமை. அது இன்று அவனிடம் இருக்கும், நாளை வேறொருவனிடம் செல்லும். தன் பெயரைத் துண்டு துண்டாக்கித் தெருக்களில் பதித்த பிரபுவுக்கு அத்தெரு பிறிதின்கிழமை. அது கைமாறிப் போயிற்று. குழந்தைவண்டியில் பழம் தள்ளி வந்த தாய்க்கும், வெள்ளைக்கொடி ஏந்தி நடந்த செவிலிக்கும், நேற்று வந்து மிளகாய் விற்கும் அயல்நாட்டாருக்கும் அது கையும் காலும் போன்றது. அதைக்கொண்டே அவர்கள் உழைத்தனர். அதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டனர். அவர்கள் பெயரை அத்தெரு தாங்கவில்லை. எனினும் தெரு அவர்களுடையதே.

மாணவர்களே! நீங்கள் நாள்தோறும் நடக்கும் தெருவுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. இன்று மாலை அங்குள்ள முதியவர் ஒருவரை அணுகி, ‘ஐயா, இந்தக் கடை இருந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது? இவ்வீட்டில் யார் வாழ்ந்தார்?’ என்று பணிவுடன் கேளுங்கள். அவர் கூறுவதை ஆண்டும் பெயரும் விடாமல் எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால், அம்முதியவரோடு அத்தெருவின் ஓரியல் மறைந்துவிடும்.