தலைப்புக்கும் இடம் விட்டு வரையுங்கள்

கேள்வி: ஐயா, நான் கவின்கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவி. முதல்முறையாக ஒரு சிறுவர் கதைப் புத்தகத்துக்கு அட்டைப்படமும் உள்படங்களும் வரைந்து கொடுத்தேன். இரண்டு வாரம் ராத்திரி பகலாக வரைந்தவை. டிசைனர் அட்டையில் பாதி வானத்தை வெட்டிவிட்டார். ஆலமரத்தின் மேலேயே தலைப்பை வைத்துவிட்டார். நடுப்பக்கப் படத்தில் பாட்டியை நகர்த்தி வரையச் சொல்கிறார். இதுவரை மூன்று தடவை திருத்தியாயிற்று. என் படத்துக்கு மரியாதை இல்லையோ என்று மனசு வலிக்கிறது. டிசைனர்களோடு எப்படி வேலை செய்வது?
– ஓவிய மாணவி, கும்பகோணம்

பதில்: உங்கள் வலி எனக்குத் தெரியும். என் முதல் அட்டைப்படத்தில் ஒரு பெரியவரின் முகத்தை மேல்விளிம்பு வரை நிறைத்து வரைந்திருந்தேன். டிசைனர் எதுவும் பேசவில்லை. படத்தின் மேல் ஒரு பட்டர் பேப்பரை விரித்து, தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் பென்சிலால் எழுதினார். தலைப்பு பெரியவரின் கண்களை மூடியது. எழுத்து எங்கே வரும் என்று கேட்காமலே நான் வரைந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

உங்கள் படத்தில் உள்ள பாட்டிக்கும் அதுபோல ஒன்றுதான் நேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒட்டி பைண்டிங் செய்த புத்தகம் முழுதாக விரியாது. நடு மடிப்பில் இருப்பது உள்ளே போய்விடும். குழந்தை பக்கத்தைத் திறந்தால் பாட்டியின் மூக்கைக் காணாது. டிசைனர் அந்தக் குழந்தைக்காகத்தான் கேட்கிறார்.

அடுத்த முறை தூரிகையை எடுக்குமுன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகத்தின் அளவு டெமியா, கிரவுனா, சதுரமா? தலைப்பு எத்தனை வரி, எங்கே வரும்? தமிழ்த் தலைப்புக்கு உயரம் கூடுதலாக வேண்டும்: 'கி', 'தீ' மேலே வளையும், 'சு', 'பு' கீழே இறங்கும். உள்பக்கத்தில் கதை எத்தனை வரி ஓடும்? ஓரம் வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மில்லிமீட்டராவது கூட்டி வரையுங்கள். ஸ்கேன் செய்தால், அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ இருக்கட்டும். திரையில் பளிச்சிடும் பச்சையும் நீலமும் நான்கு வண்ண அச்சில் மங்கும். அதனால் ஒரு பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

வண்ணம் தீட்டுவதற்கு முன் உள்ளங்கை அளவில் மூன்று பென்சில் ஸ்கெட்ச் அனுப்பி, ஒன்றுக்கு ஒப்புதல் வாங்குங்கள். பென்சிலில் பாட்டியை நகர்த்த ஐந்து நிமிடம் போதும். வண்ணத்தில் என்றால் இரண்டு நாள்.

திருத்தம் வந்தால், "என்ன மாற்றணும்?" என்பதோடு நிறுத்தாமல், "அங்கே என்ன சிக்கல்?" என்று கேளுங்கள். சிக்கல் தெரிந்தால் அதைவிட நல்ல வழி உங்களுக்கே தோன்றலாம். ஒரு மாற்றம் கதையைக் கெடுக்கும் என்று பட்டால் காரணத்தோடு மறுத்துச் சொல்லுங்கள். நல்ல டிசைனர் காது கொடுப்பார்.

ஓவியரும் டிசைனரும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு, சென்னை தாரா புக்ஸ் வெளியிட்ட 'ஐ சா எ பீகாக் வித் எ ஃபையரி டெயில்' கிடைத்தால் பாருங்கள். வரியை எங்கே நிறுத்திப் படிக்கிறோமோ அதைப் பொறுத்துப் பொருள் மாறும் ஒரு பழைய ஆங்கிலக் கவிதை அது. கோண்டு ஓவியர் ராம்சிங் உர்வேதி வரைந்தார்; டிசைனர் ஜோனதன் யமகாமி பக்கங்களில் துளைகள் வெட்டினார். துளை வழியே முதலில் கொஞ்சம் தெரியும். பக்கம் புரண்டதும் காட்சியே மாறும். ஓவியத்தில் விழுந்த துளையால்தான் அந்தக் கவிதையின் விளையாட்டு கண்ணுக்குத் தெரிகிறது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எத்தனை திருத்தம், எவ்வளவு பணம், எந்தெந்தப் பயன்பாடு என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் வரையச் சொன்னவருக்கே போகக்கூடும்.

நாளைக்கே டிசைனரைக் கூப்பிட்டு, அந்த நடுப்பக்கத்தின் லேஅவுட்டை அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் படத்தின் மேல் பட்டர் பேப்பரை விரித்து, மடிப்பையும் எழுத்தையும் நீங்களே குறியுங்கள். பாட்டி எங்கே உட்கார வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.