பல் கூச்சத்துக்கு லேசர்: எப்போது, எப்படி?

விருதுநகர் வெயிலில் ஐஸ் போட்ட சர்பத்தை ஒரு வாய் குடித்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறவர்கள், லேசருக்குப் பணம் கட்டுமுன் ஒன்றைக் கவனியுங்கள். குளிர்ச்சி போனதும் வலியும் போய்விட்டால் அது பெரும்பாலும் கூச்சம். சூடு பட்டு நெடுநேரம் வலித்தாலோ, ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தாலோ கோளாறு நரம்பு வரை போயிருக்கலாம். கூச்சத்துக்கான லேசர் அதைத் தீர்க்காது. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூச்சம்தான் என்றால் முதலில் காரணத்தை நிறுத்துங்கள். செங்கல்தூள், அடுப்புக்கரி, முரட்டு பிரஷ் எல்லாம் எனாமலையும் ஈறோரத்தையும் தேய்த்துவிடும். அடியில் உள்ள டென்டினின் நுண்குழாய்கள் திறந்துகொள்ளும். அவற்றிலுள்ள நீர் குளிர்பட்டு நகர்வதுதான் அந்தச் 'சுரீர்'. எலுமிச்சை சோடா குடித்த கையோடு பல் தேய்க்காதீர்கள், அரைமணி நேரம் போகட்டும்.

அடுத்து, கூச்சத்துக்கான பேஸ்ட். அட்டையைப் படித்தால் பலவற்றில் 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் என்றிருக்கும். கந்தகத்தோடும் கரியோடும் சேர்ந்து கருமருந்தாகும் அதே வெடியுப்பு! சிவகாசிக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. (ஆலைச் சரக்கை வாயில் வைத்துவிடாதீர்கள், அது மருந்துத் தரமல்ல.) காலையும் இரவும் நான்கு வாரம் தேய்த்தால் நரம்பு அடங்கும். நுரையைத் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம்.

அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவர் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார். லேசர் அதற்குப் பிறகு, அல்லது அதோடு சேர்த்து. பல்லைச் சுத்தம் செய்து, பஞ்சு வைத்து உலர்த்தி, மெல்லிய முனையைக் கூசும் இடத்தின் மேல் நகர்த்துவார்கள். பெரும்பாலும் மரத்துப்போக ஊசி வேண்டியதில்லை. குறைந்த சக்தி லேசர் நரம்பைத் தணிக்கும். சக்தி கூடியது குழாய்களின் வாயை அடைக்கும். உங்களுக்கும் மருத்துவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தரவில்லையென்றால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள்.

எத்தனை முறை வரவேண்டும், மொத்தச் செலவு என்ன, கூச்சம் திரும்பினால் மறுபடி கட்டணமா என்று முன்கூட்டியே கேளுங்கள். லேசர் வலியைக் குறைக்கக்கூடும், ஆனால் ஆதாரம் வலுவானதல்ல என்பதுதான் 2021இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின் முடிவு. கடன் வாங்கிச் செய்துகொள்ளும் சிகிச்சை இல்லை இது. பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் வேலை பார்த்து இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் முதலில் சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் விசாரியுங்கள். சொத்தை இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் லேசருக்கு நாள் குறிக்கிறார்கள் என்றால், வேறொரு பல் மருத்துவரைப் பாருங்கள்.