ஒட்டிய கன்னங்களும் கொலாஜன் ஊசியும்

2004 ஏப்ரல் 1 அன்று, தாம்பரம் உட்பட நாட்டின் சில அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. கூட்டு மருந்துகள் இலவசமாக வழங்கப்படத் தொடங்கின. அவற்றுள் ஒன்றான ஸ்டாவுடின் உயிர் காத்தது. ஆயினும் நெடுநாள் உட்கொண்டோர் பலரின் கன்னக் கொழுப்பைக் கரைத்தது. முகமே நோயைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்னும் அச்சம், மயிலாடும்பாறை போன்ற சிற்றூர்களில் மருந்தையே நிறுத்தத் தூண்டக்கூடியது.

அதே ஆண்டு ஆகஸ்டில், இக்குறைக்கென பாலி எல் லாக்டிக் அமில ஊசிக்கு அமெரிக்கா ஒப்புதல் வழங்கியது. இன்று முதுமைச் சுருக்கங்களுக்கும் இது பயன்படுகிறது.

ஊசியிட்டவுடன் தோன்றும் பூரிப்பு, மருந்தைக் கரைத்த நீரால் ஆனது. சில நாள்களில் வடிந்துவிடும். மனம் தளர வேண்டா. நுண்துகள்களைச் சூழ்ந்து உடலே கொலாஜன் என்னும் புரதத்தை மெல்ல உருவாக்கும். சில வார இடைவெளியில் பலமுறை ஊசி தேவைப்படும்; பயன் ஏறத்தாழ இரண்டாண்டுகள் நீடிக்கலாம்.

தோலடியில் முடிச்சுகள் தோன்றலாம். இரத்தக்குழாயில் மருந்து புகுந்தால் தோல் அழுகலாம்; அரிதாகப் பார்வையும் பறிபோகலாம். ஆகவே, அழகு நிலையங்களை நாடாது, பயிற்சி பெற்ற தோல் மருத்துவரையே அணுகுங்கள். தழும்பு தடித்து வளரும் இயல்புடையோர் அதனை முன்னரே தெரிவிக்க வேண்டும்.

ஸ்டாவுடின் இன்று வழக்கொழிந்தது. முகமாற்றம் கண்டால் மருத்துவரிடம் கூறுங்கள். கூட்டு மருந்தைத் தாமாக நிறுத்தாதீர்கள்.