மணலும் நன்னீரும்

மண் என்பது பெயரளவில் ஒன்றே. ஆயினும் அதன் இயல்பு இடத்துக்கு இடம் வேறுபடும். இதனை நன்கு உணர்ந்த நம் உழவர் கரிசல், செம்மண், வண்டல், களர், உவர், மணல் என மண்ணுக்குப் பல பெயர்கள் இட்டு வழங்கினர். பண்டைத் தமிழரோ நிலத்தையே ஐந்தாகப் பகுத்து, கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றனர். இம்மண் வகைகளுள் மணலைப் பலரும் எளிதாகவே எண்ணுவர். "வெறும் மணல், அதில் என்ன விளையும்?" என்று கேட்பர். மணலுக்கு உரிய ஆற்றல் ஒன்று உண்டு. அது மழைநீரை விரைந்து ஏற்று, மாசின்றிக் காத்து, வேண்டும்போது வழங்கும் ஆற்றல் ஆகும். அவ்வாற்றலை மறந்த ஊர் மழைக்காலத்தில் வெள்ளத்தாலும் கோடைக்காலத்தில் நீரின்மையாலும் துன்புறும். இவ்வுண்மையை நம் மாநிலத் தலைநகரின் கடற்கரைப் பகுதி ஒன்றைக் கொண்டு காண்போம்.

சென்னை மாநகரில் சாந்தோமுக்குத் தெற்கே பட்டினப்பாக்கம் என்னும் பகுதி அமைந்துள்ளது. அதன் கிழக்கே வங்கக்கடல் அலைவீசுகின்றது. தெற்கே அடையாறு கடலொடு கலக்கின்றது. மேற்கே மந்தைவெளியும் மயிலாப்பூரும் உள்ளன. கடலோரத்தில் மீனவர் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். இங்கு நிலத்தை எங்குத் தோண்டினும் மணலே மிகுதியாகக் காணப்படும். இம்மணற்பரப்பை ஆக்கியவை ஆறும் கடலும் ஆகும்.

முதலில் ஆற்றின் செயலைக் காண்போம். அடையாறு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளமுள்ள சிற்றாறு. தாம்பரத்திற்கு மேற்கேயுள்ள பல ஏரிகளின் மிகைநீரும் செம்பரம்பாக்கம் ஏரியின் மிகைநீரும் அதில் வந்து சேர்கின்றன. மழைக்காலத்தில் ஆறு கலங்கிப் பாயும்போது மணலும் வண்டலும் களியும் நீரோடு வருகின்றன. வெள்ளம் கரைபுரண்டு பரவியவுடன் அதன் வேகம் குறைகின்றது. வேகம் குறையவே, பருமனான மணல் முதலில் கரையருகே படிகின்றது. நுண்ணிய வண்டல் சற்றுத் தொலைவில் படிகின்றது. மிக நுண்ணிய களித்துகளோ நெடுந்தொலைவு சென்று, தேங்கிய நீரில் மெல்ல அடங்குகின்றது. இவ்வாறு ஆண்டுதோறும் வெள்ளம் இட்டுச் சென்ற மண்ணால் ஆன நிலத்தையே ஆற்றுப்படுகை என்கிறோம். படுகையில் கிணறு வெட்டுவோர் மணல் அடுக்கும் களி அடுக்கும் மாறிமாறி வருவதைக் காண்பர். ஒவ்வோர் அடுக்கும் பழைய வெள்ளத்தின் சுவடு எனலாம்.

இனிக் கடலின் செயலைக் காண்போம். நம் கிழக்குக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுள் எழுந்தபின், நகர்ந்துவரும் மணல் அங்கே தடைப்பட்டது. அதனால் மெரினா கடற்கரை அகன்றது. துறைமுகத்திற்கு வடக்கேயுள்ள கரையோ மணல் வரத்துக் குறைந்து அரிக்கப்பட்டது. அடையாற்று முகத்துவாரத்திலும் இம்மணல் திட்டாகப் படிகின்றது. ஆற்றில் நீர் குறைந்த காலத்தில் அத்திட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். பெருவெள்ளம் வந்தால் அதனை உடைத்துக்கொண்டு ஆறு கடலை அடையும். ஆறும் கடலும் ஓயாது செய்யும் இப்பணியால் ஆக்கப்பட்டதே பட்டினப்பாக்கத்து மண்.

சென்னை நகர் முழுவதும் இத்தகைய மண் இல்லை. சாந்தோம், அடையாறு, திருவான்மியூர் முதலிய கடலோரப் பகுதிகள் மணற்பாங்கானவை. தியாகராய நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் களிமண் மிகுதி. மயிலாப்பூரின் நெடிய ஏரி கிடந்த இடத்திலேயே, அது 1920-களில் தூர்க்கப்பட்டபின், தியாகராய நகர் எழுந்தது. கிண்டி, வேளச்சேரிப் பகுதிகளில் சிறிது ஆழத்திலேயே பாறை தோன்றும். ஒரே நாளில் ஒரே அளவு மழை பெய்யினும், இம்மூவகை நிலமும் அதனை ஏற்கும் முறை வேறாகும்.

அவ்வேறுபாட்டிற்குக் காரணம் மண் துகளின் அளவே. மண்ணூலார் 2 மில்லிமீட்டர் முதல் 0.05 மில்லிமீட்டர் வரையுள்ள துகள்களை மணல் என்பர், அதனினும் சிறியவற்றை வண்டல் துகள் என்பர், 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியவற்றைக் களித்துகள் என்பர். மணல் துகள்களுக்கு இடையேயுள்ள புழைகள் பெரியவை. ஆதலின் நீர் அவற்றின் வழியே தடையின்றி இறங்கும். களிமண்ணிலும் புழைகள் உண்டு. அவற்றின் மொத்த அளவு மணலில் இருப்பதினும் மிகுதியாகவும் இருக்கும். எனினும் அவை மிக நுண்ணியவை. அவற்றுள் புகுந்த நீர் எளிதில் நகராது. நீர் கட்டி நில்லாத வெற்று மணல் நிலம் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழையையும் உட்கொள்ளும். களிமண் நிலம் 1 முதல் 5 மில்லிமீட்டர் வரையே உட்கொள்ளும்.

இதனை நீங்களே ஆய்ந்து அறியலாம். அடியில் சிறு துளையுள்ள இரு பூந்தொட்டிகளை எடுத்துக்கொள்க. ஒன்றில் ஆற்று மணலையும் மற்றொன்றில் களிமண்ணையும் நிரப்புக. இரண்டிலும் ஒரே அளவு நீரை ஊற்றுக. மணலில் ஊற்றிய நீர் சிறிது நேரத்தில் அடித்துளை வழியே தெளிந்து சொட்டும். களிமண்ணில் ஊற்றிய நீர் மேலே குளம் போல் நிற்கும். மறுநாள் பார்த்தால் மணல் உலர்ந்திருக்கும். களிமண்ணோ ஈரம் மாறாதிருக்கும். மணலின் நிறையும் குறையும் இவ்விரு தொட்டிகளில் விளங்கும்.

நீரை விரைந்து விடும் மண்ணால் மேற்பரப்பில் ஈரத்தை வைத்துக்கொள்ள இயலாது. பயிருக்கு வேண்டிய சத்துகளும் நீரோடு கரைந்து கீழே சென்றுவிடும். இதற்குத் துகளின் பரப்பும் ஒரு காரணம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள ஆயிரம் சிறு கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். துகள் சிறுக்கச் சிறுக்கப் பரப்புப் பெருகும். பரப்புப் பெருகப் பெருக நீரையும் சத்தையும் பற்றும் திறனும் பெருகும். பருமனான மணலுக்கு அத்திறன் குறைவு. அதனால்தான் உழவர் மணல் நிலத்தில் ஏரி வண்டலையும் தொழுவுரத்தையும் தழையுரத்தையும் இட்டு அதனைத் திருத்துகின்றனர். நீரையும் ஒரே முறையில் மிகுதியாகப் பாய்ச்சாது, சிறிது சிறிதாகப் பன்முறை பாய்ச்சுகின்றனர்.

இக்குறைகளுக்கு ஏற்ப வாழக் கற்ற செடிகளும் உண்டு. கடற்கரை மணலில் அடம்பங்கொடி நெடுந்தொலைவு படர்ந்து, கணுக்கள்தோறும் வேரூன்றி மணலைப் பற்றிக்கொள்ளும். இராவணன் மீசை என்னும் முள்போன்ற புல் காற்றில் பறக்கும் மணலைத் தடுத்து மேடாக்கும். தாழை, புன்னை, பனை ஆகியவையும் மணலை விரும்பி வளர்வன. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை என்பது இவ்விடத்தின் நெய்தல் இயல்பை இன்றும் நினைவூட்டுகின்றது.

மேற்பரப்பிலிருந்து மறைந்த மழைநீர் என்ன ஆகின்றது? அது வீணாவதில்லை. மணலின் வழியே வடிந்து இறங்கி, கீழேயுள்ள மணல் அடுக்குகளில் நிலத்தடி நீராகத் தங்குகின்றது. கடலுக்கு மிக அருகில் இருந்தும் பட்டினப்பாக்கம் போன்ற இடங்களில் நன்னீர் கிடைப்பதற்கு இதுவே காரணம். கடல்நீர் உப்பு மிகுந்தமையால் நன்னீரைவிடக் கனமானது. ஆதலின் மணலுக்குள் உவர்நீர் கீழும் நன்னீர் மேலுமாக நிற்கின்றன. நெதர்லாந்து நாட்டுப் பொறியாளர் கைபனும், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் இவ்விரு நீரின் சமநிலையைத் தனித்தனியே ஆராய்ந்தனர். நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயர்ந்திருப்பின், கடல்மட்டத்திற்குக் கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது அவர்கள் கண்ட முடிபு. மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நீர்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலேறத் தொடங்கும்.

நம் முன்னோர் மணற்பாங்கான இடங்களில் சுவர் சரியாதவாறு சுடுமண் வளையங்களை அடுக்கி உறைகிணறு அமைத்தனர். கீழடி அகழாய்வில் அத்தகைய உறைகிணறுகள் கிடைத்துள்ளன. மணற்கேணியைத் தோண்டத் தோண்ட நீர் ஊறுவதைக் கண்ட வள்ளுவர் அதனைக் கல்விக்கு உவமையாக எடுத்தாண்டார். கல்விக்கு அளவு இல்லை. ஆனால் கடற்கரைக் கேணிக்கு அளவு உண்டு. அளவறிந்து முகந்தால் நன்னீர் ஊறும். அளவிறந்து உறிஞ்சினால் உவர்நீர் ஏறும்.

பிறநாட்டார் பட்டறிவும் இதனையே உணர்த்துகின்றது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் கடற்கரை மணற்குன்றுகளில் தங்கிய மழைநீரைக் குழாய் வழியே பெற்றது. நகரம் பெருகியது, எடுத்த நீரும் பெருகியது, உவர்நீர் மேலேறியது. எனவே 1957 முதல் ரைன் ஆற்றின் நீரைத் தூய்மையாக்கிக் கொணர்ந்து மணற்குன்றுகளில் பாய்ச்சி, குறைந்த இருப்பை நிரப்பினர். எடுத்ததைத் திருப்பி அளித்தமையால் மணலும் தொடர்ந்து நீர் அளித்தது.

மழை குறைந்த உள்நாட்டு நிலங்களில் மணலின் உதவி இன்னும் பெரிது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு வெண்மணலாகவே காட்சியளிக்கும். ஆயினும் மணலின் அடியில் நீர் உண்டு. வெயிலும் காற்றும் எளிதில் தீண்டாத ஆழத்தில் இருப்பதால் அது ஆவியாவதும் குறைவு. கரையோர உழவர் ஆற்று மணலில் ஊற்றுக்கால்வாய் வெட்டி, அந்நீரைத் தம் வயல்களுக்கும் ஏரிகளுக்கும் கொண்டு சென்றனர். ஆற்று மணலை அளவின்றி அள்ளிய இடங்களில் இந்நீர் தங்குவதற்கு இடமின்றிப் போயிற்று. மணலை இழந்த ஆறு தன் நீர்ச் சேமிப்பையும் இழக்கின்றது.

இனிச் சென்னைக்கு மீள்வோம். இந்நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அதில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்துவிடுகின்றது. எனவே குறுகிய காலத்தில் வரும் நீரை நெடுங்காலத்துக்குச் சேமித்தல் இன்றியமையாதது. ஆனால் நகரம் வளர வளர, மணற்பரப்பு சிமெண்டாலும் தாராலும் மூடப்பட்டது. மழைநீர் உட்புக வழியின்றித் தெருவில் ஓடியது. ஆழ்குழாய்க் கிணறுகளோ பெருகின. இந்நிலையில் நிலத்தடி நீரை எடுப்பதை முறைப்படுத்த 1987-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. 2003-ஆம் ஆண்டில் கட்டடந்தோறும் மழைநீர் சேமிப்பு அமைப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. அதன்பின் கிணறுகளில் நீர்மட்டம் உயரக் கண்டனர்.

ஆயினும் இடர்கள் தீர்ந்துவிடவில்லை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டது. அடையாறு பெருகிச் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. அத்தகைய பெருமழையை மணல் மட்டும் தாங்கியிருக்கும் எனக் கூறல் பொருந்தாது. ஆனால் ஆறு பரவுவதற்கு உரிய படுகையில் மனிதர் குடியேறியமை துன்பத்தைப் பெருக்கியது என்பது உறுதி. நான்கே ஆண்டுகள் கழிந்தன. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் நகருக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. வெள்ளத்தில் மிதந்த நகரமே குடிநீருக்குக் காத்து நின்றது.

இவ்விரு துன்பங்களும் ஒரு பாடத்தையே கற்பிக்கின்றன. மணல் நிலத்தில் மழைநீரைச் சேமித்தல் எளிது. கல்லும் மணலும் இட்ட ஆழமற்ற உறிஞ்சுகுழி ஒன்றே போதும். களிமண் நிலத்தில் அக்களியைக் கடந்து ஆழமாகச் செல்ல வேண்டும். வீட்டு முற்றம் முழுவதையும் மூடாது ஒரு பகுதியை மண்ணாகவே விடுதல் நன்று. ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: நன்னீரை விரைந்து ஏற்கும் மணல் கழிவுநீரையும் விரைந்தே ஏற்கும். ஆதலின் மணற்பாங்கான இடத்தில் கழிவைக் கொட்டுதல் கிணற்றில் கொட்டுதலை ஒக்கும்.

மணல் தனக்கென நீரை வைத்துக்கொள்ளாது. ஏற்ற நீரை வடிகட்டி நமக்கென வைத்துக் காக்கின்றது. மழை நாளில் அதன் வாயை அடைக்காமலும், கோடை நாளில் அதன் இருப்பை அளவின்றிப் பறிக்காமலும் வாழ்தல் நம் கடன். இக்கடனை இன்றைய மாணவர் உணர்ந்து நடப்பின், கடலருகே வாழ்வோர் நாளையும் நன்னீர் பருகுவர்.