வண்ணத்துக்கு முன் எண்

மல்லேஸ்வரம்,
பெங்களூர்.

சிரஞ்சீவி மகனுக்கு,

விமான இறக்கையின் மேல் காற்றழுத்தம் பரவுவதைக் காட்டி நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. சிவப்பும் நீலமுமாக அது கண்ணைக் கவர்ந்தது உண்மைதான். ஆயினும், அந்தப் படம் எந்த மெஷ் கோப்பிலிருந்து, அதாவது புள்ளிகளைக் கோத்துச் செல்களாக்கிய எந்த வலையிலிருந்து, பிறந்ததோ அதைப் பற்றி உன் நீண்ட கடிதத்தில் ஒரு வாக்கியமும் இல்லாதது மனத்தை உறுத்தியபடியால் இதை எழுதுகிறேன்.

நீ வேலைக்கு வந்திருக்கும் இந்த ஊரில், தேசிய வானூர்தி ஆய்வுக்கூடத்தின் 1.2 மீட்டர்க் காற்றுச் சுரங்கம் 1967-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. சேமித்து வைத்த அழுத்தக் காற்றைத் திறந்துவிட்டால் சோதனை விநாடிக் கணக்கில் முடிந்துபோகுமாதலால், அழுத்தத்தை அளக்க மாதிரி விமானத்தின் உடலில் இட்ட ஒவ்வொரு நுண்துளையும் தன் குழாயோடு சரியாக இணைந்திருக்கிறதா என்று முன்னதாகவே சோதித்தாக வேண்டும். கணினியிலோ ஒரே கணக்கை ஆயிரம் முறை ஓட்டலாம். அந்த வசதியே நம் சிரத்தையைக் குறைத்துவிடுகிறது. மெஷ்ஷின் ஒவ்வொரு புள்ளியும் அத்தகைய ஒரு துளை என்று நீ எண்ண வேண்டும்.

நீ படம் வரையக் கையாளும் பாராவியூ மென்பொருளுக்கு அடிப்படையான வி.டி.கே. என்ற நிரல் தொகுப்பு, 1993-இல் ஒரு பாடநூலுக்குத் துணையாகத் தோன்றியது. அதன் பழைய எழுத்து வடிவக் கோப்பு ஒன்றை எடுத்துப் படித்துப் பார். பதிப்பு, தலைப்பு, எழுத்தா பைனரியா என்ற குறிப்பு, மெஷ்ஷின் வகை. பின்னர் புள்ளிகளின் ஆயங்கள். அவற்றை எந்த வரிசையில் கோத்தால் செல் உண்டாகும் என்ற பட்டியல். கடைசியாக ஒவ்வொரு செல்லின் இனம். அதில் 5 என்றால் முக்கோணம், 10 என்றால் நான்முகி, 12 என்றால் அறுமுகி. அங்கே புள்ளிகளின் எண் 0-இலிருந்து தொடங்குகிறது; மெஷ் உருவாக்கும் ஜிமெஷ் மென்பொருளின் கோப்பிலோ வழக்கமாக 1-இலிருந்து. பத்துப் புள்ளி நான்முகியில் கடைசி இரு புள்ளிகள் இவ்விரண்டிலும் இடம் மாறி நிற்கின்றன. பொருளின் மேற்பரப்பை முக்கோணங்களாகத் தரும் எஸ்.டி.எல். கோப்போ, தன் அளவுகள் மில்லிமீட்டரா மீட்டரா என்பதையே சொல்வதில்லை.

இளமையில் நான் இதில் தவறியவன். ஒரு வகைக் கோப்பை இன்னொரு வகையாக மாற்ற நான் எழுதிய நிரலில் அழுத்த மதிப்புகள் மட்டும் ஓரிடம் நகர்ந்துவிட்டன. அடுத்தடுத்த எண்கள் பெரும்பாலும் பக்கத்துப் புள்ளிகளுக்கே உரியவையாதலால், படம் குலையாமல், நம்பத்தகுந்த அழகோடு வந்து நின்றது. இறக்கையின் ஓரத்தில் தென்பட்ட சில மாசுகளைக் கணிப்பின் குறை என்று ஒதுக்கிவிட்டேன். மூன்று வாரம் கழித்து, ஒரே ஒரு புள்ளியின் மதிப்பை மூலக் கோப்போடு ஒப்பிட்ட அன்றுதான் பிழை புலப்பட்டது. அலங்கோலமான படம் தன் பிழையைத் தானே சொல்லிவிடும். அழகான படம் அதை மறைத்துவிடும் என்பதை அந்த மூன்று வாரத்தைக் கொடுத்துக் கற்றேன்.

ஆகையால், வண்ணம் பூசுமுன் புள்ளிகளின் தொகை, செல்களின் தொகை, மூன்று திசைகளிலும் எல்லை ஆகியவற்றைத் பாராவியூவின் தகவல் பலகத்தில் பார்த்து மூலத்தோடு ஒப்பிடு. செல்களின் கன அளவைக் கணக்கிடு. எங்கேனும் எதிர்மறை எண் வந்தால் அங்கே புள்ளிகளின் வரிசை தலைகீழாக இருக்கக்கூடும். நீ பார்ப்பது புள்ளிக்குரிய மதிப்பா, செல்லுக்குரிய மதிப்பா என்று நிச்சயம் செய்துகொள். செல்லின் மதிப்பைப் புள்ளிக்கு மாற்றும்போது மென்பொருள் சராசரி எடுப்பதால், அதிர்வலையின் கூர்மை மழுங்கி, இல்லாத ஒரு சாந்தம் படத்தில் குடியேறும். மூலக் கோப்பில் கை வைக்காதே. மாற்றங்கள் யாவும் பிரதியில் நடக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் குறிப்பு இருக்கட்டும்.

உன் படத்தை நம்பித்தான் வேறொருவர் இறக்கையின் வடிவத்தைத் தீர்மானிப்பார். அந்த நம்பிக்கைக்கு நீ பாத்திரனாக வேண்டும். அடுத்த படத்தை அனுப்பும்போது, அதன் புள்ளித் தொகை, செல் தொகை, எல்லை அளவு, கையால் ஒப்பிட்ட ஒரு புள்ளியின் மதிப்பு ஆகிய நான்கையும் அதன் கீழே எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் பெரியப்பா